கிளிஞ்சலில் வீட்டு அலங்காரம்: கழுவுவது முதல் மாட்டுவது வரை

கிளிஞ்சல் கைவினை பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் பசையில் தொடங்கிப் பசையிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் ஒட்டிய சில மாதங்களில் உதிரத் தொடங்கும் கண்ணாடிச் சட்டங்களையும், வெண்பொடி பூத்து மங்கிப்போகும் சங்குகளையும், அறைக்குள் இலேசான துர்நாற்றத்தைப் பரப்பும் தொங்கல்களையும் ஆராய்ந்து பார்த்தால், குறை வடிவமைப்பில் இருப்பது அரிது. ஒட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டதில்தான் இருக்கும். ஆகவே எதைச் செய்யலாம் என்பதற்கு முன்னால், கையில் இருக்கும் பொருள் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிப்பி, சங்கு, சோழி ஆகிய அனைத்தின் ஓடும் ஏறத்தாழ முழுவதுமாகக் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் அதே பொருள்தான். அந்தக் கனிமத்தின் நுண்படிகங்களை மிகச் சிறிதளவு புரதம் அடுக்கடுக்காகப் பிணைத்து வைத்திருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் இந்த வேலையின் பெரும்பாலான விதிகளை நாமே ஊகித்துவிடலாம். அமிலம் ஓட்டைக் கரைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் தசைத் துணுக்கு அழுகி நாறும். அடுக்கமைப்பு ஓட்டுக்கு வலுவைத் தந்தாலும், ஒரே புள்ளியில் விழும் அடியையும் திடீர்ச் சூட்டையும் தாங்காமல் அது விரிசல் விடும். உட்புறத்தின் வழவழப்பான மினுமினுப்பு கண்ணுக்கு விருந்தாக இருந்தாலும் பசைக்குப் பிடிப்பைத் தராது. சில சிப்பிகளின் மேல் இருக்கும் பழுப்பு நிற மெல்லிய தோலோ, காய்ந்ததும் சுருண்டு உரியும். அதைச் சுரண்டாமல் அதன் மீதே பசை தடவினால், பசை தோலோடுதான் ஒட்டியிருக்கும், ஓட்டோடு அல்ல.

எதை எடுப்பது, எதை விடுவது

கரையில் கிடக்கும் ஓடுகள் எல்லாம் காலியானவை அல்ல. சங்கைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் வாயைப் பார்க்க வேண்டும். வாயை ஒரு மூடி அடைத்திருந்தாலோ, உள்ளே ஈரத் தசை தெரிந்தாலோ, துறவி நண்டின் கால்கள் தென்பட்டாலோ, எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இரு ஓடுகளும் இறுக மூடியிருக்கும் சிப்பியையும் உயிருள்ளதாகவே கருத வேண்டும். கூம்பு வடிவச் சங்குகளில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. உயிருள்ள கூம்புச் சங்கு நச்சுப் பல்லால் குத்தக்கூடியது, அவற்றில் சில இனங்களின் நஞ்சு மனிதரைக் கொல்லவல்லது. காலியானதென்று உறுதியாகத் தெரியாத கூம்புச் சங்கைத் தொடாமல் இருப்பதே சரி.

அளவோடு எடுக்க வேண்டும் என்று சொல்வது வெறும் நல்லெண்ணப் பேச்சு அல்ல. காலி ஓடுகள் துறவி நண்டுகளுக்கு வீடாகின்றன, சிற்றுயிர்கள் பற்றிக்கொள்ள இடமாகின்றன, பொடிந்து கரையின் மணலோடும் சேர்கின்றன. ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரை ஒன்றில் ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட கணக்குகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, சுற்றுலாப் பயணிகளின் வரத்து மும்மடங்கை நெருங்கிய அதே காலத்தில் கரையில் கிடந்த ஓடுகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதைக் காட்டியது. கடல்சார் காப்பகங்கள் பலவற்றில் ஓடு பொறுக்குவதற்கே தடை இருக்கிறது என்பதால் அந்தந்தக் கரையின் விதியை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தான சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் ராட்சத மட்டி, குயின் காங்க் எனப்படும் பெருஞ்சங்கு, நாட்டிலஸ், கல்பவளங்கள் ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. பயணத்தில் வாங்கிய இத்தகைய பொருளை அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை கடந்து கொண்டுவந்தால் சுங்கச் சோதனையில் பறிமுதல் ஆகலாம். கடைகளில் பளபளவென்று குறையேதும் இல்லாமல் அடுக்கப்பட்டிருக்கும் பெரிய சங்குகளில் பல, கரையில் பொறுக்கப்பட்டவை அல்ல, உயிரோடு பிடிக்கப்பட்டவை என்பதையும் வாங்கும்போது நினைவில் கொள்ளலாம்.

இந்தக் கட்டுப்பாடுகளால் கைவினைக்கு எந்த நட்டமும் இல்லை. நல்ல அலங்காரப் பொருளுக்கு அரிய சங்கு தேவைப்படுவதே இல்லை. எங்கும் மலிந்து கிடக்கும் சிறு மட்டிகளும், அலை உருட்டி மழுக்கிய உடைந்த துண்டுகளும், உள்ளே சுருள் தெரியும்படி பாதி தேய்ந்த சங்குகளுமே போதும். அலை அரித்த துண்டுகளின் ஓரம் கையைக் கிழிக்காது, அவை தட்டையாக இருப்பதால் பசையும் நன்றாகப் பிடிக்கும். முழு ஓடுகளை மட்டுமே தேடுவோர் அவற்றைத் தள்ளிவிட்டுப் போவது பெரும் இழப்பு.

கழுவுவதும் உலர்த்துவதும்

வீட்டுக்கு வந்ததும் ஓடுகளை ஓடும் நீரில் அலசி மணலை அகற்றிய பின், ஒரு வாளி நல்ல தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் நீரை மாற்றியபடி நான்கைந்து நாள் ஊறவிட வேண்டும். இதன் முதன்மையான நோக்கம் உப்பை வெளியேற்றுவது. ஓட்டின் நுண்துளைகளில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். காயும்போது மீண்டும் படிகமாகும். இவ்வாறு மாறி மாறி நிகழும்போது, பசைக்கும் ஓட்டுக்கும் இடையே வளரும் படிகங்கள் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்திவிடும். ஒரே நாளில் கழுவிக் காயவைத்து ஒட்டிய வேலைகள் மழைக்காலத்தில் உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்றம் அடிக்கும் ஓடுகளுக்குக் கொதிநீர் முறை பொருந்தும். ஓடுகளைக் குளிர்ந்த நீரில் இட்டு, மெல்ல மெல்லச் சூடேற்றி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதே நீரிலேயே ஆறவிட வேண்டும். கொதிக்கும் நீரில் நேரடியாகப் போடுவதும், சூடாக எடுத்துக் குளிர்நீரில் நனைப்பதும் விரிசலுக்கு வழிவகுக்கும். உள்ளே ஒடுங்கியிருக்கும் தசையை வளைந்த கம்பியாலோ மெல்லிய இடுக்கியாலோ சுருளின் போக்கிலேயே திருகி இழுத்தால் வெளிவரும். சோழி போன்று இயற்கையிலேயே மெருகுள்ள ஓடுகளைக் கொதிக்க வைக்கக் கூடாது, பிளீச்சிலும் போடக் கூடாது. ஒருமுறை மங்கிய அந்த மெருகை எந்த எண்ணெயாலும் முழுமையாக மீட்க முடியாது. அவற்றை வெதுவெதுப்பான சோப்புநீரில் பலமுறை அலசுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாசிக் கறையும் பழுப்புத் தோலும் போகாமல் இருந்தால், ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீர் கலந்த கரைசலில், பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கறை நீங்கியதும் வெளியே எடுத்து, மீண்டும் ஒரு நாள் முழுவதும் நல்ல நீரில் போட்டு வைக்க வேண்டும். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து இதைச் செய்ய வேண்டும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு எழும், அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவம் சேர்ந்தால் குளோரமின் எழும். இரண்டுமே நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயுக்கள் என்பதால் அந்தப் பாத்திரத்தில் வேறு எதையும் ஊற்றக் கூடாது.

வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்தால் ஓடு பளிச்சென்று வெளுக்கும் என்ற அறிவுரை அடிக்கடி காணக் கிடைக்கிறது. வெளுப்பது உண்மைதான், அழுக்குப் படிந்த மேலடுக்கையே அமிலம் கரைத்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. நீரில் எழும் குமிழிகள், ஓடு கரைந்து வெளியாகும் கரியமில வாயு. நுண்வரிகளும் கூர்மையான முட்களும் முதலில் மறையும், மெல்லிய ஓடுகள் பொருபொருத்துப் போகும். என் கருத்தில் வீட்டு அலங்கார வேலைக்கு அமிலம் தேவையே இல்லை. பழைய பல் துலக்கியும் சமையல் சோடாக் குழைவும் பொறுமையும் அதே வேலையைச் சேதமின்றிச் செய்து முடிக்கும். ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்னும் சிறு கடலுயிர்களின் கூடுகளை மொட்டைக் கத்தியின் நுனியால் நெம்பி எடுக்கலாம்; அவை அழகாக இருந்தால், உள்ளே உயிரில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்.

உலர்த்துவதற்கு நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே சிறந்தது. வெயில் நிறத்தை வெளிறச் செய்யும். சங்குகளை வாய் கீழே இருக்குமாறு சாய்த்து வைத்து, அவ்வப்போது சுழற்றிக் குலுக்கி, சுருளுக்குள் தங்கிய நீரை வடிக்க வேண்டும். தட்டையான ஓடுகளுக்கு இரண்டு நாள் போதும். ஆழமான சங்குகளுக்கு ஒரு வாரம்வரை ஆகலாம். உலர்ந்ததாகத் தோன்றியதும் அவற்றை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, இறுகக் கட்டி, ஒரு நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். பையின் உட்புறத்தில் ஈரம் பனித்திருந்தாலும், வாடை அடித்தாலும், அந்த ஓடுகள் ஒட்டுவதற்கு இன்னும் தயாராகவில்லை.

பிரித்து அடுக்குதல்

ஒட்டத் தொடங்கும் முன் ஓடுகளை நிறம், அளவு, தடிமன் என்ற வரிசையில் பிரித்துத் தட்டுகளில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டத்தில் பலர் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு ஓடுகள் கொண்ட சிப்பிகள் பெரும்பாலானவற்றின் இடது ஓடும் வலது ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல் அமைந்தவை. கீல் பகுதியின் கூம்பு ஒன்றில் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். இவற்றை இரண்டு தட்டுகளாகப் பிரித்துவைத்து, சட்டத்தின் இடப்பாதியில் ஒருவகையையும் வலப்பாதியில் மறுவகையையும் பதித்தால், ஏன் என்று பார்ப்பவருக்குத் தெரியாமலேயே அந்த வேலை ஒழுங்காகத் தோன்றும். சுருள் சங்குகளில் இது இயலாது. நுனி மேலே இருக்குமாறு பிடித்தால் அவற்றில் மிகப் பெரும்பான்மையானவற்றின் வாய் வலப்பக்கமே இருக்கும். இடப்பக்கத்துக்கென்று ஒரு இணை கிடைக்காது. ஆகவே சங்குகளை எதிரெதிராக வைத்துச் சமச்சீரைத் தேடுவதைவிட, எல்லாச் சங்குகளின் நுனியும் ஒரே திசையில் சுழன்று செல்லுமாறு அமைப்பதே பொருத்தமாக இருக்கும்.

எத்தனை வகை ஓடுகளைக் கலக்கலாம் என்பது சுவையைப் பொறுத்தது என்றாலும், குறைவான வகைகளே நல்ல பலன் தருகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் செய்து மாலுமிகளுக்கு விற்கப்பட்ட எண்கோணக் கிளிஞ்சல் பெட்டிகளைப் பார்த்தால், விரல்நகத்தைவிடச் சிறிய எளிய ஓடுகளை நிறவாரியாகத் தனித்தனிக் கட்டங்களில் நெருக்கிப் பதித்ததே அவற்றின் அழகுக்குக் காரணம் என்பது விளங்கும். ஓடுகளுக்கு வண்ணம் பூசுவதை நான் பரிந்துரைப்பதில்லை; பொன்னிறத் தெளிப்பான் அடித்த கிளிஞ்சலுக்கும் பிளாஸ்டிக் கிளிஞ்சலுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

பசை

பசையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்: அடித்தளம் எதனால் ஆனது, பொருள் எங்கே இருக்கப் போகிறது?

குளூ கன் வசதியானது, நொடிகளில் இறுகுவது. ஆனால் சூட்டில் உருகி வரும் பசை சூட்டிலேயே மீண்டும் இளகும் என்பதால், வெயில் படும் சுவரிலும், விளக்குக்கு அருகிலும், கனமான ஓடுகளுக்கும் அதை நம்பக் கூடாது. உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட் கெட்டியாகப் பிடித்தாலும் முறியும் தன்மை உடையது, இடைவெளியை நிரப்பாது. உடைந்த துண்டுகளைச் சேர்க்க மட்டுமே அது ஏற்றது. அட்டை, காகிதம், துணி ஆகியவற்றின் மேல் சிறு ஓடுகளை ஒட்ட வெள்ளைப் பசையே போதுமானது, காய்ந்தபின் நிறமும் தெரியாது. மரம், கண்ணாடி, பீங்கான், உலோகம் ஆகியவற்றின் மேல் கனமான ஓடுகளைப் பதிக்க, இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்சியே எல்லாவற்றிலும் உறுதியானது. சிலிக்கோன் பசை வளைந்து கொடுப்பதால் கண்ணாடிக்கு மிகவும் பொருந்தும். ஆனால் வாங்கும்போது நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிக்கோன், இறுகும் வேளையில் அசெட்டிக் அமில ஆவியை வெளியிடுகிறது. அது சுண்ணாம்பு ஓட்டுக்கு எதிரி என்பதை மேலே பார்த்தோம்.

விரைவும் உறுதியும் ஒருசேர வேண்டுமானால் இரண்டு பசைகளையும் ஒன்றாகப் பயன்படுத்தலாம். ஓட்டின் விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் எப்பாக்சியைத் தடவி, நடுவில் ஒரே ஒரு சொட்டு குளூ கன் பசையை வைத்து அழுத்தினால், சூட்டுப்பசை ஓட்டை நகராமல் பிடித்துக்கொண்டிருக்கும். எப்பாக்சி நிதானமாக இறுகி நிரந்தரப் பிடிப்பைத் தரும்.

எந்தப் பசையானாலும் ஒட்டும் இடத்தை 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்த பின்னரே தடவ வேண்டும். காய்ந்த ஓட்டைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதலானது. தாளையும் ஓட்டையும் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. கவிழ்த்து வைத்த மட்டியின் மெல்லிய விளிம்பு மட்டுமே அடித்தளத்தைத் தொடும் என்பதால், பசை பிடிக்கப் போதிய பரப்பு அங்கே இருக்காது. குழிவுக்குள் பசையில் தோய்த்த பஞ்சையோ எப்பாக்சிக் குழைவையோ (epoxy putty) அடைத்து, விளிம்போடு சமமாக்கிய பின் ஒட்டினால், ஓடு முழு வயிற்றாலும் தளத்தைப் பற்றிக்கொள்ளும். இந்த ஒரு பழக்கம் பசையின் விலையைவிட அதிகப் பலன் தருகிறது.

கண்ணாடிச் சட்டம்

முதல் வேலையாகச் செய்வதற்கு முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தையே நான் பரிந்துரைப்பேன். தட்டையான தளம், தெளிவான எல்லை, செய்து முடித்ததும் உடனே பயன்பாடு. சட்டத்தின் அகலம் குறைந்தது 6 செ.மீ. இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் ஓடுகளைத் திருப்பி வைக்க இடமிருக்காது. பிளைவுட் சட்டமானால் முன்புறமும் பின்புறமும் ஒருமுறை பிரைமர் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். பூசாத மரம் ஈரத்தை உறிஞ்சி வளையும்; மரத்திலிருந்து கசியும் அமில ஆவியையும் அந்தப் பூச்சு ஓரளவு தடுக்கும். கண்ணாடியின் மேல் காகிதத்தை வைத்து விளிம்பில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டால், சிந்தும் பசையைச் சுரண்டும் வேலை மிஞ்சாது.

பசையைத் தொடாமல் முதலில் எல்லா ஓடுகளையும் சட்டத்தின் மேல் பரப்பிப் பார்க்க வேண்டும். மிகப் பெரிய மூன்று அல்லது ஐந்து ஓடுகளுக்கு இடம் குறித்த பின்பே மற்றவற்றை எடுக்க வேண்டும். இவற்றை நான்கு மூலைகளிலும் ஒன்று என்று பங்கிடுவது பழகிப்போன முறை. ஒரு மூலையில் கொத்தாகக் கூட்டி, அங்கிருந்து இருபுறமும் அளவு சிறுத்துச் செல்லுமாறு பரப்பினால் கண் இயல்பாக அதன் வழியே ஓடும். நடுத்தர ஓடுகளைக் கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் கீல் பகுதியை மறைக்குமாறு அடுக்கினால் பசைத் தடமும் அடித்தளமும் வெளியே தெரியாது. அமைப்பு மனதுக்குப் பிடித்ததும் மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, ஓடுகளை அதே ஒழுங்கில் பக்கத்தில் ஒரு காகிதத்துக்கு மாற்ற வேண்டும்.

ஒட்டும் வரிசை பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்ல வேண்டும். எப்பாக்சியைக் கலந்த சில நிமிடங்களில் அது இறுகத் தொடங்கிவிடும் என்பதால் ஒரு வேளைக்கு ஐந்தாறு ஓடுகளுக்கு வேண்டிய அளவை மட்டும் கலக்க வேண்டும். உட்புற விளிம்பில் கூடுதல் கவனம் வேண்டும். அங்குள்ள ஓடுகளின் அடிப்பக்கம் கண்ணாடியில் பிரதிபலிக்கும் என்பதால், மேலிருந்து பார்க்கும்போது தெரியாத பசைக் கட்டியும் பஞ்சும் கண்ணாடி வழியே அப்பட்டமாகத் தெரியும். அந்த வரிசைக்கு மட்டும் சிறிய, இருபுறமும் தூய்மையான ஓடுகளைத் தேர்ந்து, விளிம்பிலிருந்து 5 மி.மீ. சட்டத்தின் பக்கமாகத் தள்ளி ஒட்ட வேண்டும். மிஞ்சும் சந்துகளில் வெள்ளைப் பசையைத் தடவி, கழுவி உலர்த்திய மணலையோ நொறுங்கிய ஓட்டுத் துகள்களையோ தூவி அழுத்தலாம். எல்லாம் முடிந்தபின் 24 மணி நேரம் படுக்கை வாட்டிலேயே விட்டுவைக்க வேண்டும். நிமிர்த்திப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுத்தால் இறுகாத ஓடுகள் மெல்லச் சரியும்.

மாட்டுவதற்கு முன் சட்டத்தைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடுகள் சேர்ந்தபின் எடை எதிர்பார்த்ததைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பின்புறம் இருபக்கமும் இரண்டு வளையங்களைத் திருகாணியால் பொருத்தி, அந்த எடையைத் தாங்கும் திருகுகளைச் சுவரில் இறக்கி மாட்டுவதே பாதுகாப்பானது. குளியலறைச் சுவர் அழகாகப் பொருந்தும் என்று தோன்றினாலும், நீராவி எழும் இடத்துக்கு மரச்சட்டம் ஏற்றதல்ல.

துளையிட்டுத் தொங்கவிடும் வேலைகள்

தோரணத்துக்கும் காற்றுமணிக்கும் ஓடுகளில் துளை வேண்டும். துளையை இயற்கையே போட்டுக் கொடுத்த ஓடுகளும் உண்டு. நிலவு நத்தை என்னும் ஊனுண்ணி நத்தை, சிப்பியின் கீல் பகுதிக்கு அருகே வட்டமாக, வாய் அகன்று உள்ளே குறுகும் துளையிட்டு உள்ளிருக்கும் தசையை உண்ணும். அப்படித் துளைபட்ட ஓடுகளைக் கரையில் தனியாகப் பொறுக்கி வைத்துக்கொண்டால் கருவியே வேண்டாம். துளையில்லாத மட்டியானால், கீல் பகுதியின் புடைப்பை நனைந்த சொரசொரப்பான கல்லில் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். புடைப்பு தேய்ந்து மெலிந்து கடைசியில் சிறு துளை தானே திறக்கும். மெதுவான முறைதான், ஆனால் இம்முறையில் ஓடு உடைவது மிக அரிது.

கருவியைப் பயன்படுத்துவோர், வைரத்தூள் பூசிய 1.5 அல்லது 2 மி.மீ. முனையை மின்கலத்தில் இயங்கும் சிறு துளைக்கருவியில் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆழமற்ற தட்டில் மரக்கட்டையை வைத்து, அதன் மேல் ஓட்டைக் கிடத்தி, ஓடு மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, முனையின் நுனி மட்டுமே நீரைத் தொடுமாறு குறைந்த வேகத்தில், அழுத்தாமல், அடிக்கடி தூக்கித் தூக்கித் துளையிட வேண்டும். நீர் சூட்டைத் தணிக்கும், தூளையும் பறக்கவிடாது. சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியை நீரருகே கொண்டுபோகக் கூடாது. கண்ணுக்குக் காப்பும் மூக்குக்கு முகக்கவசமும் அணிவது நன்று. விளிம்பிலிருந்து குறைந்தது 4 மி.மீ. உள்ளே துளை அமைந்தால்தான் நூலின் இழுப்பில் ஓரம் பிளக்காது.

காற்றுமணியின் ஒலி ஓட்டைப் பொறுத்தது. தடித்த சங்குகள் மோதினால் மந்தமான சத்தமே வரும். மெல்லிய தட்டையான ஓடுகளே கலகலக்கும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதான சன்னல் சிப்பி, பழைய வீடுகளில் சன்னல் கண்ணாடிக்குப் பதிலாகவே பயன்பட்டது. தொங்கல்களுக்கு அதைவிடச் சிறந்த ஓட்டை நான் அறியேன். அடுத்தடுத்த சரங்களின் ஓடுகள் ஒன்றையொன்று தொடாமல் தொங்கினால் அது வெறும் தோரணமாகிவிடும். ஆகவே சரங்களுக்கு இடையே உள்ள தூரம் ஓட்டின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டின் கீழும் இரட்டை முடிச்சிட்டு, முடிச்சின் மேல் ஒரு துளி பசை வைத்தால் ஓடுகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று குவியாது. தூண்டில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது, எடையையும் தாங்கும். ஆனால் நேரடி வெயிலில் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெறுவதால், வெளியே மாட்டியதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து மாற்ற வேண்டும். அறைக்குள் மாட்டும் தோரணத்துக்கு மெழுகு தேய்த்த பருத்தி நூலே பார்வைக்குப் பொருத்தம்.

ஒட்டாமலும் துளைக்காமலும்

ஆழமான சிப்பிகளில் மெழுகு ஊற்றிச் சிறு விளக்காக்கலாம். விரிசலோ துளையோ இல்லாத ஓட்டைத் தேர்ந்து, ஆடாமல் இருக்க மணல் நிரப்பிய தட்டில் அமர்த்தி, உலோக அடி உள்ள திரியை நடுவில் நிறுத்தி, கொதிநீரில் வைத்த பாத்திரத்துக்குள் உருக்கிய மெழுகைச் சற்று ஆறவிட்டு ஊற்ற வேண்டும். திரி 6 மி.மீ. உயரத்துக்கு மேல் நீண்டிருக்கக் கூடாது. எரியும்போது ஓடு சூடேறும் என்பதால், பசையால் ஒட்டிய அலங்காரத்தின் நடுவிலோ துணி விரித்த மேசையின் மேலோ அதை வைக்கக் கூடாது. ஆளில்லாத அறையில் எரியவும் விடக் கூடாது.

கண்ணாடிக் குடுவையில் ஓடுகளை நிறவரிசையில் நிரப்பி வைப்பது எல்லாவற்றிலும் எளிது. பூந்தொட்டியின் மண்ணைக் கிளிஞ்சலால் மூடுவதும் அழகுதான், ஆனால் நீர் ஊற்ற ஊற்ற ஓட்டின் சுண்ணாம்பு மெல்லக் கசிந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அமில மண்ணை விரும்பும் செடிகளின் தொட்டியில் அதைத் தவிர்க்க வேண்டும். மீன்தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஓடுகள் நீரின் கடினத்தன்மையை உயர்த்துவதால், மென்னீர் மீன்கள் அங்கே வாடும்.

மெருகும் பராமரிப்பும்

நனைந்தபோது பளிச்சென்று இருந்த நிறம் காய்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டால், சில துளி கனிம எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஒரு நாள் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். ஒட்டும் வேலை முழுவதும் முடிந்த பிறகே எண்ணெயைத் தொட வேண்டும். எண்ணெய் ஏறிய ஓட்டில் பசை பிடிக்காது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும் என்பதால் அது வேண்டாம். நிரந்தரப் பளபளப்பு விரும்புவோர் அக்ரிலிக் வார்னிஷைத் தெளிக்கலாம். மங்கலான வகை இயற்கையாகத் தோன்றும், பளபளக்கும் வகை எல்லா ஓடுகளையும் ஒரே முகமாக்கிவிடும்.

மூடிய மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் நெடுங்காலம் வைத்த ஓடுகளின் மேல் வெண்பொடி பூப்பதைச் சேகரிப்பாளர்கள் பைன் நோய் என்று அழைக்கிறார்கள். நோய் என்று பெயர் பெற்றாலும் அதில் கிருமி ஏதும் இல்லை. மரம், அட்டை, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஆகியவை வெளியிடும் அசெட்டிக், பார்மிக் அமில ஆவிகள், ஈரக்காற்றின் துணையோடு ஓட்டை அரித்து உப்பாக மாற்றுகின்றன. ஓடுகளைக் கண்ணாடி மூடிய ஆழ்சட்டத்துக்குள் பதிப்பவர்கள் உட்சுவரை நன்றாகப் பூசி உலர்த்தி, பின்புறம் சிறு காற்றுத்துளைகளை விட வேண்டும். பொடி பூத்துவிட்டால் அந்த ஓட்டை எடுத்து நல்ல நீரில் ஊறவைத்து உலர்த்தி, இடத்தை மாற்ற வேண்டும். அரிக்கப்பட்ட பரப்பு திரும்பி வராது, மேற்கொண்டு பரவாமல் நிறுத்தலாம்.

புகையும் ஓடுகளை மங்கச் செய்யும். இங்கிலாந்தின் மார்கேட் நகரில் 1835-இல் கண்டுபிடிக்கப்பட்ட, சுமார் 46 லட்சம் ஓடுகளால் அலங்கரிக்கப்பட்ட கிளிஞ்சல் குகையின் சுவர்கள், பழைய விளக்குகளின் கரி படிந்தே தம் நிறத்தை இழந்தன. அடுப்புக்கும் எரியும் திரிக்கும் எட்டத்தில் மாட்டுவதும், மென்மையான வண்ணத்தூரிகையால் மாதம் ஒருமுறை தூசி தட்டுவதும் போதுமான பராமரிப்பு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் விளிம்புகள் நெம்பிக்கொள்ளும். நறுமணத் துப்புரவுத் திரவங்களில் பல அமிலத்தன்மை கொண்டவை என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் எப்போதாவது ஓர் ஓடு விழும். அதனால் வேலை முடிந்ததும் மிஞ்சிய ஓடுகளைக் கொட்டிவிடாமல், ஒவ்வொரு வகையிலும் நான்கைந்தை ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, பயன்படுத்திய பசையின் பெயரையும் அதில் எழுதி வைக்க வேண்டும். மறுபடி ஒட்டும்போது பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்த பின்னரே புதிய பசையைத் தடவ வேண்டும்.